ரிஸ்லாவின் கார்ட்

அனுஷியாவுக்கு உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பந்து வலைக்குள் போனால் கோல், நடுவர் மஞ்சள் அட்டையைத் தூக்கினால் கோச் தலையில் கை வைப்பார், அவ்வளவுதான். இருந்தும் அந்த ஆண்டு பெண்களுக்கான தேசிய லீக் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவள் மைதானத்துக்குள்ளேயே, பெஞ்சில், கோச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் அணி என்றால் பெஞ்சில் பொறுப்பாக ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம். கொட்டாஞ்சேனை ஈவினிங் ஸ்டார் அணிக்கு அப்படி ஒரு பெண் கிடைக்காமல் ஸப்வான் கோச் அலைந்துகொண்டிருந்தார். மகளைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சுவரோரம் நின்ற அனுஷியா அவர் கண்ணில் பட்டாள்.

"அக்கா, சும்மாதானே நிக்கிறீங்க? வந்து பெஞ்சில குந்துங்க."

"எனக்கு என்னாங்க தெரியும்?"

"தெரியாட்டித்தான் நல்லம். தெரிஞ்சவங்க எல்லாம் எனக்கே கோச் பண்ண வாறாங்க."

அப்படி உட்கார்ந்தவள்தான். தண்ணீர்ப் போத்தல் நிரப்புவதும், ஐஸ் வாங்கி வைப்பதும், சேறான ஜேர்ஸிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைப்பதும் மெல்ல மெல்ல அவள் தலையில் வந்து விழுந்தன. அவள் முகம் சுளிக்கவில்லை. பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் அன்ட்டி ஆனாள். ஒருத்திக்குக் கால் பிடித்துக்கொண்டால் நீவி விடுவாள், இன்னொருத்தி சாப்பிடாமல் வந்திருந்தால் தன் பாணில் பாதியைக் கொடுப்பாள். அனுஷியா கெட்டவள் என்று மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லிவிடக் கூடாது. நடந்தது என்ன என்பதை முழுக்கக் கேட்ட பிறகும் சொல்லக் கூடாது.

லீக்கில் விளையாடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் படம் போட்ட கார்ட் ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் அணியின் கார்ட்களை எல்லாம் மெச் கமிஷனரின் மேசையில் வைக்க வேண்டும். அவர் கார்டையும் பார்ப்பார், பிள்ளையின் முகத்தையும் பார்ப்பார், பிறகுதான் உள்ளே விடுவார். கார்ட் இல்லையென்றால் ஊருக்கே தெரிந்த ஆட்டக்காரியானாலும் வெளியேதான். பிள்ளைகளிடம் கொடுத்து வைத்தால் ஒன்று வீட்டில் கிடக்கும், இன்னொன்று பஸ்ஸில் கிடக்கும். அதனால் கார்ட்கள் எல்லாம் அனுஷியாவின் பொறுப்பில் இருந்தன. வெள்ளவத்தையில், காலி வீதிச் சாறிக் கடை ஒன்றின் மேல்மாடியில் பிளவுஸ் தைப்பது அவள் தொழில். வெட்டி மிஞ்சிய மெரூன் பட்டில், உள்ளே லைனிங் கொடுத்து, ஸிப் வைத்து, கழுத்தில் மாட்ட நாடா போட்டு, கார்ட்களுக்கென்று ஒரு பை தைத்தாள். கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகிற பை மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவளுடைய மகள் நிருஷாவும் ரிஸ்லாவும் ஒரே இடத்துக்கான ஆட்டக்காரிகள். முன்வரிசையில் நடு. அந்த இடம் ரிஸ்லாவுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, நிருஷாவுக்கும் இல்லை. ரிஸ்லா தெமட்டகொடைப் பிள்ளை. வாப்பா உயிரோடு இல்லை, மவுத்தாகி விட்டார், உம்மா ஷபீகா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். தலையைக் கறுப்புத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நீளக் காற்சட்டைக்கு மேல் அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் பந்து அவளைத் தேடி வருகிற மாதிரி இருக்கும். வாயும் சும்மா இருக்காது. தன்னை மறிக்க வருகிறவளிடமே, "தங்கச்சி, கொஞ்சம் வெலகுங்களே, பஸ் போகுது" என்பாள்.

நிருஷா பெஞ்சில், அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பாள். ரிஸ்லா கோல் போட்டால் முதலில் எழுந்து கத்துகிறவளும் அவள்தான். வயிற்றெரிச்சல் பிள்ளைக்கு இல்லை, தாய்க்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து ஜேர்ஸிகளை வாளியில் ஊறப்போடும்போது ரிஸ்லாவுடையது சேறும் வியர்வையுமாகக் கனக்கும். நிருஷாவுடையது போட்ட மடிப்புக் கலையாமல் இருக்கும். அழுக்கில்லாத அந்த ஜேர்ஸியையும் அனுஷியா சவர்க்காரம் போட்டுத் துவைப்பாள். ஃபிளாட் வராந்தாக் கொடியில் எல்லா ஜேர்ஸிகளும் ஒன்றுபோலத் தொங்க வேண்டும், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது.

சீசன் பாதி போனபோது ஒரு செய்தி வந்தது. அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் பெண்கள் அணிக்கு முன்வரிசை ஆட்டக்காரி ஒருத்தி வேண்டுமாம். எடுபட்டால் அந்தத் திணைக்களத்திலேயே நிரந்தர வேலை, ஓய்வூதியத்தோடு. ஈவினிங் ஸ்டாரின் அடுத்த ஆட்டத்தைப் பார்க்க அந்த அணிப் பொறுப்பாளர் மெடம் வருகிறார். கோச் இதைச் சொன்னபோது எல்லோரும் ரிஸ்லாவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். ரிஸ்லா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து அனுஷியா கணவனிடம் சொன்னாள். புஷ்பராஜ் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமி. அவனுடைய முதுகு அந்த வருடம் அவன் சொல் கேட்பதை விட்டிருந்தது.

"நம்ம புள்ளய எடுப்பாங்களா?" என்றான்.

"அவள வெளையாட விட்டாத்தானே பாக்கிறதுக்கு."

"அப்ப ஏன் எனக்குச் சொல்ற?" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆட்டம் களனிப் பக்கத்து மைதானம் ஒன்றில். முதல் நாள் மழை பெய்து புல் பளபளவென்று கிடந்தது. மேசைக்குப் பின்னால் மெச் கமிஷனர், வயதான சிங்கள ஐயா, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கார்ட்களைப் பரப்பினார். பெயர்களைச் சரிபார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எக்கக் அடுயி நே, நோனா." ஒன்று குறைகிறதே, அம்மா.

குறைந்தது ரிஸ்லாவின் கார்ட். அனுஷியா பைக்குள் கை விட்டாள். பையின் மூலையில் லைனிங் பிரிந்து கொஞ்ச நாளாயிற்று. ஊரார் பிளவுஸ் எல்லாம் தைக்கிறவளுக்குத் தன் பையைத் தைக்க நேரம் வாய்க்கவில்லை. அந்தப் பிரிந்த இடத்துக்குள்ளே, துணிக்கும் துணிக்கும் நடுவில், கெட்டியாக ஒரு விளிம்பு அவள் விரலில் பட்டது. கார்ட் வழுக்கி உள்ளே போயிருக்கிறது. "இந்தா இருக்கு" என்று சொல்ல வேண்டியதுதான். வாய் கூடத் திறந்துவிட்டது.

திறந்த வாயால் அவள், "நே மாத்தியா" என்றாள். இல்லை ஐயா.

அது எப்படி வந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. முதல் நாள் திட்டம் போட்டாளா, இல்லை. பஸ்ஸில் வரும்போது நினைத்தாளா, அதுவும் இல்லை. விரல் கார்டில் இருந்தது, கண் பார்வையாளர் மேடையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மெடத்தின் மேல் இருந்தது, வாய் இல்லை என்றது. சொன்ன பிறகு கையை வெளியே எடுத்து, பையைத் தலைகீழாகப் பிடித்து உதறியும் காட்டினாள். லைனிங்குக்குள் போனது உதறினால் விழுமா?

ரிஸ்லாவின் முகம் வெளுத்தது. "அன்ட்டி, போன கெழம சாச்சாக்குக் காட்ட நான் கார்ட எடுத்துட்டுப் போனேன்தானே. திருப்பித் தந்தேனா? தந்தேன்தானே?"

சித்தப்பாவுக்குக் காட்டிவிட்டுத் தந்திருந்தாள். பயிற்சி முடிந்து, வாசலில் வைத்து, "இந்தாங்க அன்ட்டி, பத்திரமா ஈக்கட்டும்" என்று கையிலேயே வைத்தாள். அனுஷியாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"தெரியலயே, புள்ள."

கோச் கமிஷனரிடம் கெஞ்சிப் பார்த்தார். ஐயா நல்ல மனிதர், ஆனால் தலையை ஆட்டிவிட்டார். பிறகு ஸப்வான் கோச் ரிஸ்லாவிடம் திரும்பி, பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால், ஒரு வருடத்துக் கோபத்தையும் கொட்டி ஏசினார். "சாச்சாக்குக் காட்டுறதுக்கு அது என்ன, கலியாண போட்டோவா?" ரிஸ்லாவுக்குக் கண் நிறைந்தது. அனுஷியா போத்தலைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள்.

நிருஷா முன்வரிசையில் இறங்கினாள். என்ன அழகாக விளையாடினாள் தெரியுமா! அதுதான் கொடுமை. தடுமாறியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஈரப் புல்லில் வழுக்கி விழப்போன கோல்கீப்பரைத் தாண்டி, இடது காலால், வலையின் மூலைக்குள் போட்டாள். பெஞ்சில் எல்லோரும் எழுந்து குதித்தார்கள். கார்ட் இல்லாததால் வேலிக்கு வெளியே நின்ற ரிஸ்லா எல்லோரையும் விட உரக்கக் கத்தினாள். அனுஷியாவால் எழும்ப முடியவில்லை. பை மடியில் இருந்தது.

ஆட்டம் முடிந்து மெடம் குடையோடு இறங்கி வந்து நிருஷாவின் பெயரையும் போன் நம்பரையும் கேட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் வெள்ளவத்தைக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்க, அனுஷியா மெஷினில் உட்கார்ந்து பையின் மூலையைத் தைத்தாள்.

"என்ன அனுஷியாக்கா, சாப்பிடேல்லையே? அந்தப் பைக்கு இப்ப என்ன அவசரம்?" என்றாள் பக்கத்து மெஷின் நிஷாந்தினி.

"பிரிஞ்சு கெடக்குடி. இன்னைக்கு விட்டா தைக்க மாட்டேன்."

கார்டை வெளியே எடுத்திருக்கலாம். ஆனால் எடுத்தால் அது கைக்கு வந்துவிடும், வந்தால் யாரிடமாவது ஏதாவது சொல்லியாக வேண்டும். வீசிவிடவோ, அதில் அந்தப் பிள்ளையின் முகம் இருக்கிறது. குப்பையில் முகத்தைப் போடுவாளா? ஆகவே ஓட்டையை மூடினாள். ஒரு தையல் போதாதென்று அதன் மேலேயே இன்னொரு தையலும் ஓட்டினாள்.

புதிய கார்ட் எடுக்க வேண்டுமென்றால் முதலில் பொலிஸில் என்ட்ரி போட வேண்டும், அப்புறம் விண்ணப்பம், அப்புறம் காத்திருப்பு. அது கைக்கு வருவதற்குள் சீசன் முடிந்துவிடும் என்று லீக் ஒஃபிஸில் சொல்லிவிட்டார்கள். ரிஸ்லா வீட்டில் இருந்துவிடுவாள் என்று அனுஷியா நினைத்தாள். அப்படி இருந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம். அவளோ அடுத்த ஞாயிறே வந்து நின்றாள்.

"விளையாடத்தானே ஏலா? தண்ணி தூக்க கார்ட் தேவல்லதானே?"

கமிஷனரைக் கெஞ்சி, தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவளாகப் பெஞ்சில் இடம் வாங்கிக்கொண்டாள். நிருஷா இருந்த இடத்தில், அனுஷியாவின் தோளை உரசிக்கொண்டு, இப்போது ரிஸ்லா. அங்கிருந்தே நிருஷாவுக்கு வழி சொல்வாள். "நிருஷா, ஓடுடீ! பின்னால நாய் வருதுன்னு நெனச்சிக்க!" எல்லோரும் சிரிப்பார்கள். அனுஷியாவும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொள்வாள். ஆனால் ரிஸ்லா இல்லாத அணி சக்கரம் கழன்ற த்ரீவீலர் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. நிருஷாவுக்குப் பந்து வருவதே அபூர்வமாயிற்று. ஈவினிங் ஸ்டார் தோற்றது, பிறகும் தோற்றது. பட்டியலில் அடிக்குப் போய்விட்டது. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் அடுத்த வருடம் இந்த லீக்கிலேயே இடமில்லை.

ஒரு நாள் நல்ல வெயில். பை நாடா அனுஷியாவின் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

"அன்ட்டி, பையத் தாங்களே, கொஞ்ச நேரம் நான் புடிக்கிறேன்."

அனுஷியா பையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ரிஸ்லா சிரித்தாள். "என்ன அன்ட்டி, என்ட கைல தந்தா மத்தவங்கட கார்டையும் துலச்சிடுவேன்னு பயமா?" மைதானத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "நீங்களும் எனக்காக எவ்வளவு தேடினீங்க. நான்தான் எல்லாருக்கும் கஷ்டம் தந்துட்டேன்."

அன்றிலிருந்து அனுஷியாவுக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போனாள், வாசலோடு திரும்பி வந்தாள். உள்ளே போய் என்ன கேட்பது? மகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றா, கிடைக்கக் கூடாது என்றா?

மெடத்திடமிருந்து அழைப்பு வந்தது. லீக் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, நிருஷா திணைக்கள மைதானத்துக்கு வந்து ஒரு முறை ஓடிக் காட்ட வேண்டும். புஷ்பராஜ் வராந்தாவில் நின்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொன்னான். நிருஷா சந்தோசப்பட்டாள், ஆனால் அந்தச் சந்தோசம் கால்வாசிதான். "ரிஸ்லா வெளையாடியிருந்தா அவளத்தான் கூப்பிட்டிருப்பாங்கம்மா" என்றாள். அனுஷியா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நல்லதாகப் போயிற்று.

கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள், சனிக்கிழமைப் பின்னேரம், ரிஸ்லா கொட்டாஞ்சேனை ஃபிளாட்டுக்கு வந்தாள். ஒரு கையில் ஒரு கிண்ணம் இனிப்பு வட்டிலப்பம், மற்றக் கையில் ஷொப்பிங் பையில் அவளுடைய பூட்ஸ்.

"உம்மா தந்து விட்டாங்க, அன்ட்டி. இத நிருஷாக்கு." பூட்ஸை வெளியே எடுத்து வைத்தாள். துடைத்து, புது லேஸ் மாட்டியிருந்தாள். "இவட பூட்ஸ் வாயப் பொளந்து ஈக்குதுதானே. அத போட்டுட்டு மெடத்துக்கு முன்னால ஓட ஏலுமா? ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்தான்."

"ஒனக்கு?" என்றாள் நிருஷா.

"எனக்கு என்னத்துக்கு? பொரளைல ஒரு ஃபார்மஸில வேல ஈக்குதாம், உம்மா கதைச்சிட்டாங்க. அடுத்த மாசத்துல இருந்து போறேன். மருந்துப் போத்தல உதைக்கவா போறேன்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு தரையில் குந்தி, நிருஷாவின் காலைப் பிடித்துப் பூட்ஸுக்குள் விட்டு, லேஸை இழுத்துக் கட்டினாள்.

அனுஷியா பார்த்துக்கொண்டே நின்றாள். ஆணியில் பை தொங்கியது. அதை எடுத்தாள். வீட்டுத் தையல் மெஷின் மேல் கிடந்த சிறு கத்தரிக்கோலை எடுத்தாள். இரட்டைத் தையலை நறுக்கென்று வெட்டி, லைனிங்கைப் பிடித்து இழுத்தாள். கார்ட் தரையில் விழுந்து, ரிஸ்லாவின் முழங்காலுக்குப் பக்கத்தில், படம் மேலே தெரியக் கிடந்தது.

"யா அல்லா!" ரிஸ்லா பாய்ந்து எடுத்தாள். "இதுக்குள்ளயா கெடந்தீக்கி! ஓட்டையால உள்ள போயீக்கி, அன்ட்டி! பாத்தீங்களா, நான் துலைக்கல்ல! துலைக்கவே இல்ல!" எழுந்து அனுஷியாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினாள். "இருங்க, உம்மாக்குப் போன் எடுக்கிறேன். நாளைக்கு நான் வெளையாட ஏலும்!"

தலையை ஆட்டினால் போதும். வேறு எதுவுமே தேவையில்லை. கார்ட் கிடைத்துவிட்டது, பிள்ளை விளையாடும், மகளுக்குத் திங்கட்கிழமை இருக்கிறது, அன்ட்டி அன்ட்டியாகவே இருப்பாள். பொய்யைக் கூட அந்தப் பிள்ளையே தைத்துக் கையில் கொடுத்துவிட்டது.

நிருஷா பையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தவழ்கிற வயதிலிருந்தே தையல் மெஷினுக்குக் கீழே வளர்ந்த பிள்ளை அவள். வெட்டிய நூலை விரலால் இழுத்தாள்.

"இத எப்பம்மா தைச்சீங்க?"

"நீ கோல் போட்டதுக்கு அடுத்த நாளு."

"கார்ட் உள்ள இருக்கிறது தெரியாமத்தானே தைச்சீங்க?"

ரிஸ்லா போனைக் காதில் வைத்தபடி இவர்களைப் பார்த்தாள். மறுமுனையில் ஷபீகா, "ஹலோ, ஹலோ, என்ன மகள்?" என்பது வெளியே கேட்டது.

"தெரிஞ்சுதான்" என்றாள் அனுஷியா. "மேசையிலயே தெரியும். கையில பட்டிச்சு. இல்லன்னு சொல்லிட்டேன்."

ரிஸ்லா போனை அணைத்தாள். பேசியபோது குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"கோச் எனக்கு ஏசக்குள்ள நீங்க பக்கத்துலதானே நிண்டீங்க."

"ஆமா."

"நான் அழுகக்குள்ள தண்ணி தந்தீங்க."

"ஆமா புள்ள."

"உங்கட மகளுக்குத்தானே செஞ்சீங்க. எங்கட உம்மாவும் எனக்காகச் செய்வாங்களா ஈக்கும். ஆனா அவங்கட கழுத்துல நாங்க யாரும் பைய மாட்டல்ல, அன்ட்டி."

குனிந்து நிருஷாவின் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றினாள், தான் கட்டிய முடிச்சுகளைத் தானே அவிழ்த்து. ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். வட்டிலப்பம் மேசையில் இருந்தது.

நிருஷா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அனுஷியா பக்கத்தில் போனாள்.

"அந்தக் கோல் நீ போட்டதுதான், நிருஷா. அதுல யாரும் கை வைக்க முடியாது."

"இனிமே அத நெனச்சா எனக்குச் சந்தோசம் வருமா? அதையும் சேத்துத்தானேம்மா உள்ள வச்சுத் தைச்சிருக்கீங்க."

புஷ்பராஜ் வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். "அந்தப் புள்ளயே ஓட்டையால போச்சுன்னு சொல்லுதுன்னா, தலைய ஆட்டிட்டு விட வேண்டியதுதானே?"

"ஆட்டியிருந்தா? அவ என்னக் கட்டிப் புடிச்சிருந்தா. அத வச்சுக்கிட்டு நான் என்னா செய்றது?"

அவனுக்கு அது விளங்கவில்லை. நிருஷா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் மெடத்தை அழைத்தாள். அவளுடைய சிங்களம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற அளவுச் சிங்களம். அதை வைத்துக்கொண்டே முழுக்கச் சொன்னாள். தன்னை விட நன்றாக விளையாடுகிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்றும், அன்றைக்கு அவள் ஏன் இறங்கவில்லை என்றும், அம்மா செய்ததையும் மறைக்காமல். மெடம் முழுக்கக் கேட்டாராம். பிறகு, "ஹரி நங்கி, சரி தங்கச்சி, திங்கட்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஆனால் இடம் ஒன்றுதான், இரண்டில்லை" என்றாராம்.

மறுநாள் மைதான வாசலில் அனுஷியா கோச்சிடம் தன் வாயாலேயே சொன்னாள். ஸப்வான் கோச் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "பையத் தாங்க, அக்கா" என்றார், அவ்வளவுதான். பெஞ்சில் அன்று ஷபீகா வந்து உட்கார்ந்தார். மாவு வாசம் போகாத கையோடு, மடியில் மெரூன் பையோடு, நிமிர்ந்து. அனுஷியா வேலிக்கு வெளியே நின்றாள். துவைத்த ஜேர்ஸிகளை மட்டும் வேலிக்கு மேலால் கொடுத்தாள். பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். யாரும் அன்ட்டி என்று கூப்பிடவில்லை.

ரிஸ்லா நடுவில் இறங்கினாள். கோச் நிருஷாவை வலது ஓரத்தில் விட்டார். முதல் பாதி முழுக்க ரிஸ்லா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நிருஷா ஆளில்லாத இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள், பந்து வேறு எங்காவது போகும். எதிரணி ஒரு கோல் போட்டது. இடைவேளையில் கோச் இருவரையும் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். வேலிக்கு அது கேட்கவில்லை. இரண்டாம் பாதியில் நிருஷா ஓரத்தால் ஓடி, பந்தை உயர்த்தி நடுவுக்கு அனுப்பினாள். ரிஸ்லா பாய்ந்து தலையால் அடித்தாள். வலை குலுங்கியது. எல்லோரும் ரிஸ்லாவின் மேல் போய் விழுந்தார்கள். நிருஷா ஓரத்திலேயே நின்றாள். ரிஸ்லா எழுந்து, அவளைப் பார்த்து, ஒரு விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள். உன்னால் வந்தது என்று. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை.

ஆட்டம் அந்தச் சமநிலையிலேயே முடிந்தது. அடுத்த வருடமும் ஈவினிங் ஸ்டாருக்கு லீக்கில் இடம் இருந்தது. பிள்ளைகள் வேலிப் பக்கம் நடந்து வந்தார்கள். அனுஷியா பழக்கத்தில் போத்தலைத் திறந்து நீட்டிவிட்டாள். ரிஸ்லா அதைப் பார்த்தாள், தாண்டிப் போய்ப் பைப்பில் குனிந்து குடித்தாள். நிருஷா போத்தலுக்கும் பைப்புக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு அவளும் பைப்புக்கே போனாள்.

திங்கட்கிழமை இருவரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறினார்கள். அனுஷியாவை வர வேண்டாம் என்று நிருஷா சொல்லிவிட்டாள். அனுஷியா வெள்ளவத்தைக் கடையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பிளவுஸின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, திரும்பவும் தலைகீழாகவே தைத்தாள். நிஷாந்தினி துணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மத்தியானம் போன் அடித்தது.

"அவள எடுத்துட்டாங்கம்மா" என்றாள் நிருஷா.

அனுஷியா அழுதாள். வாயில் முந்தானையை வைத்து அடக்கியும் சத்தம் வந்துவிட்டது.

"எனக்காக அழுறீங்களா, அவளுக்காகவா?"

"தெரியலடி."

"சரி. இருங்க, அவ கதைக்கணுமாம்."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு ரிஸ்லா.

"அன்ட்டி."

"சொல்லு புள்ள."

"நான் இன்னும் உங்களோட கோவம்தான்."

"கோவமா இரு, புள்ள."

"ஓம், இருப்பேன். எப்ப முடியும்னு எனக்குத் தெரியா."

"முடியாட்டியும் சரி."

ரிஸ்லாவுக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். போனை நிருஷாவிடம் கொடுத்துவிட்டாள், ஆனால் இருவரில் யாரும் அதை அணைக்கவில்லை. பஸ் கொண்டக்டர் பொரளை, பொரளை என்று கத்துவது கேட்டது. நிருஷா ஏதோ சொல்ல, ரிஸ்லா, "போடீ, இந்த பஸ்ல குந்த எடமில்ல, நடந்தே போவோம்" என்றாள். நிருஷாவின் சிரிப்பு, வெறும் மூச்சளவு, வந்து நின்றுவிட்டது. அனுஷியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தன்னைப் பற்றி ஏதாவது சொல்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. அவர்கள் வேறு எதையோ கதைத்துக்கொண்டு நடந்து போனார்கள்.